மூன்று சனிக்கிழமைகள்

என் அறையில் சுவர்க்கடிகாரம் எப்போதும் நோயாளியின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். ஒருவர் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சே நின்றுவிடும். கடிகாரம் அவர் தலைக்கு மேல் இருந்தால் அவரைப் பார்ப்பது போலவே நேரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். இந்த அறையிலும் கடிகாரத்தை என் முதுகுக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே வந்ததுமே கவனித்தேன். உங்கள் தொழிலும் என் தொழிலும் நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது.

தேநீருக்கு நன்றி. வக்கீல் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். என் வாயைப் பிடுங்க நீங்கள் பாடுபட வேண்டியதில்லை. இருபத்தேழு வருடமாக மற்றவர்கள் பேச நான் கேட்டிருக்கிறேன், ஒரு மாறுதலுக்கு நான் பேசுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நடுவில் குற்றம் என்ற சொல்லைப் போடாதீர்கள். கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

மனநல மருத்துவர் என்றால் மனத்துக்குள் எட்டிப் பார்க்கிறவர் என்று பலரும் நினைக்கிறார்கள். எட்டிப் பார்க்க அங்கே ஜன்னல் எதுவும் கிடையாது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கலாம், சர்க்கரை ஏறினால் ரத்தத்தில் தெரியும். எங்களிடம் பெரும்பாலும் இருப்பது இரண்டே கருவிகள். ஒன்று நோயாளியின் வாய், மற்றது அவரை அழைத்து வந்தவரின் வாய். நோயாளி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கூட வந்தவரைக் கேட்கிறோம். மனைவி, அண்ணன், மகள், யாராவது ஒருவர். எங்கள் கேஸ் ஷீட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. தகவல் தருபவர் நம்பத்தகுந்தவரா? அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிய கேஸ் ஷீட்டை நான் என் வாழ்நாளில் நான்கைந்து முறைதான் பார்த்திருப்பேன். கூட வந்தவர் குளித்துத் தலைசீவி ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் போதும், 'ஆம்' என்று எழுதிவிடுவோம்.

இந்த வைத்தியத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வருடம் தன் அறைக் கதவைத் திறக்காத ஒரு பெண் இப்போது தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். சாகப் போகிறேன் என்று மூன்று முறை மொட்டை மாடி ஏறிய ஒரு தச்சர், போன மாதம் என் அறைக்கு ஒரு புத்தக அலமாரி செய்துகொண்டு வந்தார். மாத்திரையும் பேச்சும் சேர்ந்து செய்த வேலை அது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

தராசுக்காரர் வந்தது மழை ஆரம்பித்த வாரத்தில். வார்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைகளிலும் சந்தையிலும் உள்ள தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசு அலுவலர். ஐம்பத்திரண்டு வயது. மனைவிதான் அழைத்து வந்தார். ஈரக் குடையை எங்கே வைப்பது என்று அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்து, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அதற்குள் குடையைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழவில்லை. எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது.

"என்ன தொந்தரவுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன் தராசுக்காரரிடம்.

"எனக்கு மனசுல ஒண்ணும் தொந்தரவு இல்ல டாக்டர். சூப்புலதான் தொந்தரவு."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஒரு நீள நோட்டையும் ஒரு சோப்புப் பெட்டியையும் எடுத்து மேஜையில் வைத்தார். பெட்டி நிறைய மடித்த காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி, ஒரு எடை.

"வீட்ல சூப் சாப்பிட்டா மறுநாள் வயித்துவலி. மூணாம் நாள் பாதம் ரெண்டும் எரியுது, செருப்பு போட முடியல. ரெண்டு வாரம் கழிச்சு முடி கொட்டுது. வெளியூர் டியூட்டிக்குப் போனா எல்லாம் நின்னுடுது. திரும்பி வந்தா மறுபடியும். நோட்டுல எல்லாம் தேதியோட இருக்கு. கொட்டின முடியும் இருக்கு, நிறுத்து வச்சிருக்கேன்."

"முடியை நிறுத்தீங்களா?"

"ஆபீஸ்ல தங்கம் நிறுக்கற தராசு இருக்கு டாக்டர். தப்பா காட்டாது."

அந்த அம்மாள் குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "ரெண்டு வருஷமா இப்படித்தான் டாக்டர். நான் குடுக்கற தண்ணியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கறார். எங்க பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தா அவ தட்டையும் புடுங்கிக் கொட்டிடறார். என்னால வெளியில தலைகாட்ட முடியல."

கண்கள் நிறைந்தன, ஆனால் வழியவில்லை. நான் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன்.

அன்றைக்கு என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். தேதி, எடை, பொட்டலம், இவையெல்லாம் சந்தேக நோயின் அடையாளங்கள் என்று நான் மாணவர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நல்ல மனநிலையில் உள்ள மனிதர் தன் தலைமுடியை நிறுத்துப் பார்க்க மாட்டார். தராசுக்காரர் என்னிடம் வேறொன்றும் சொன்னார். தராசு தானாகப் பொய் சொல்லாதாம். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டினால்தான் பொய் சொல்லுமாம். "குனிஞ்சு அடியில பாக்கணும் டாக்டர். யாரும் குனிய மாட்டாங்க, அதான் ஏமாறறாங்க" என்றார். அதையும் நோயின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வார்டில் சேர்த்தேன். மாத்திரை ஆரம்பித்தேன். மூன்றே வாரம். வயிற்றுவலி நின்றது, பாத எரிச்சல் தணிந்தது, தலையணையில் முடி இல்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று எழுதினேன். மருத்துவமனைச் சாப்பாடுதான் வேலை செய்தது என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறது. முடிவு தெரிந்த பிறகு எல்லோருக்கும் எல்லாம் தோன்றும்.

இனி என் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று சனிக்கிழமை முறை என்று அதற்குப் பெயர். நானே உண்டாக்கியது. மனநோயில் பாதி சாப்பாட்டுத் தட்டில்தான் தெரியும் என்பது என் கட்சி. வீட்டைக் கண்டு பயப்படும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், மூன்று சனிக்கிழமைகள் வீட்டார் சமைத்துக்கொண்டு வர வேண்டும். வார்டின் கோடியில் ஜன்னலோரமாக ஒரு நீள மேஜை இருக்கிறது. அதில் குடும்பம் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம், நான் மேஜையின் முனையில். முதல் கரண்டியை எனக்குத் தர வேண்டும். நான் ருசி பார்ப்பேன். டாக்டரே சாப்பிடுகிறார் என்று பார்த்த பிறகு நோயாளி சாப்பிடுவார். மூன்று முறையும் தட்டு காலியானால் டிஸ்சார்ஜ். இதற்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். அதில் 'மருத்துவர் ருசி பார்த்தார்' என்று ஒரு கட்டமும் என் கையெழுத்தும் இருக்கும். வேறு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து இந்த மேஜையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பாடப்புத்தகத்துக்கு இதைப் பற்றி அத்தியாயம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் முக்கிய உதாரணம் தராசுக்காரர்தான்.

அவர் முதலில் ஒற்றைக் காலில் நின்றார். வீட்டுச் சாப்பாடு வேண்டவே வேண்டாம் என்றார். பிறகு தானாகவே என் அறைக்கு வந்தார்.

"என் பொண்ணுக்கு இருபதாம் தேதி லீவு விடறாங்க. அவ வர்றதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும் டாக்டர். அவ தனியா அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது."

"அப்ப மூணு சனிக்கிழமை சாப்பிட்டுக் காட்டுங்க."

"அதைச் சாப்பிட்டாத்தான் வெளிய விடுவீங்களா?"

"ஆமா."

அவர் தன் நோட்டைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு மூடினார். "சரி" என்றார்.

முதல் சனிக்கிழமை அந்த அம்மாள் பிளாஸ்கில் காய்கறி சூப்பும் ரொட்டியும் கொண்டு வந்தார். முதல் கரண்டியை நான் குடித்தேன். நன்றாகவே இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். தராசுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தைக் காலி செய்தார்.

செவ்வாய்க்கிழமை மூத்த சிஸ்டர் என் அறைக்கு வந்தார். முப்பது வருட அனுபவம் உள்ளவர். அதுதான் அவரிடம் உள்ள குறை.

"டாக்டர், தராசுக்காரருக்கு ஞாயித்துக்கிழமை பூரா வாந்தி. இன்னைக்குக் கால்ல போர்வை பட்டாலே கத்தறார். மூணு வாரமா நல்லா இருந்த மனுஷன்."

"வீட்டு ஞாபகம் வந்தா உடம்பு அப்படிக் காட்டும் சிஸ்டர்."

"காட்டும். ஆனா இவரு சொன்ன வரிசை மாறாம அப்படியே காட்டுது. ஒரு தடவை ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

என் வேலையில் மூக்கை நுழைக்கிறார் என்று எரிச்சல் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது நல்ல யோசனைதான். எண்களை மட்டுமே நம்புகிற மனிதருக்கு ஒரு எண்ணையே காட்டினால் போயிற்று. விஷம் இல்லை என்ற பரிசோதனை முடிவை அவர் கையில் கொடுத்தால் சந்தேகத்தின் வேர் அறுந்துவிடும். சிகிச்சையாகத்தான் அந்தப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டேன். இதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

முடிவு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வந்தது. பரிசோதனைக்கூடத்துப் பெண்மணி உறையை அனுப்பிவிட்டு, பொறுக்காமல் போனும் செய்தார். எலி மருந்தில் சேர்க்கிற ஒரு உலோகம். ஒரு மனித உடம்பில் இருக்கக்கூடாத அளவு.

"டாக்டர், இதைப் போலீஸ்ல சொல்லணும் இல்லையா?"

"அவரே கலந்துக்கறார்மா. தான் சொன்னது உண்மைன்னு காட்டறதுக்காக இந்த மாதிரி நோயாளிங்க செய்யறதுதான். நான் பாத்துக்கறேன்."

"அப்படியா டாக்டர்? பாவம்" என்று போனை வைத்தார்.

'நான் பாத்துக்கறேன்' என்று ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்வேன். அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்களின் தோள் தளர்ந்து இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பத்து மணிக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு. நாற்பது மாணவர்கள், வெளியிலிருந்து வந்த ஆறு மருத்துவர்கள். அன்றைக்குக் காட்ட வேண்டிய நோயாளி தராசுக்காரர். எனக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்றுதானே நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள்? முதலில் கோபம் வந்தது. அந்த அம்மாள் மேல் இல்லை, தராசுக்காரர் மேல். சொன்னது எல்லாமே சரியாக இருக்கிறதே என்று கோபம். இவ்வளவு சரியாக இருக்க இவர் யார் என்று கோபம்.

அது அடங்கியதும் தெளிவாக யோசித்தேன். எங்கள் துறையில் ஒரு பழைய பாடம் உண்டு. ஒருவருடைய நம்பிக்கை உண்மையா பொய்யா என்பது இரண்டாவது கேள்வி. அந்த நம்பிக்கைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதே முதல் கேள்வி. தெருவிளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்ததை வைத்துத் தன் மனைவிக்கு வேறொருவரோடு பழக்கம் இருப்பதாக ஒருவர் முடிவுகட்டுகிறார். விசாரித்தால் உண்மையிலேயே அப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. அதனால் அவர் நோய் இல்லாதவர் ஆகிவிடுவாரா? ஆக மாட்டார். அவர் நோய் அப்படியேதான் இருக்கிறது, உண்மை தற்செயலாக வந்து பக்கத்தில் நின்றுகொண்டது, அவ்வளவுதான். தராசுக்காரர் தெருவிளக்கைப் பார்த்து முடிவுகட்டவில்லை, தேதி பார்த்து, எடை பார்த்து முடிவுகட்டினார் என்று நீங்கள் சொல்லலாம். அந்த எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் மணி பத்தாகிவிட்டது.

உறையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். தராசுக்காரரை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். சோப்புப் பெட்டியைத் திறந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். முடியை எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் மூன்று தசம ஸ்தானம் வரை சொன்னார். வகுப்பு சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். அன்றைக்கு வகுப்பு மிக நன்றாக அமைந்தது, வெளியூர் மருத்துவர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார்.

பிற்பகலில் நர்ஸ் மேஜையிலிருந்து ஒரு வெற்றுப் பரிசோதனைப் படிவத்தை எடுத்துக்கொண்டேன். அளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதப் போய் கையை நிறுத்திக்கொண்டேன். எந்தக் கருவியும் சுத்தமான பூஜ்யம் காட்டாது என்பார் அவர். அதனால் ஒரு சின்ன எண்ணை எழுதினேன். யார் உடம்பிலும் இருக்கக்கூடிய, யாரையும் ஒன்றும் செய்யாத ஒரு எண். கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து.

அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது சரியான எண்ணா டாக்டர்?"

"மெஷின் குடுத்தது. நான் குடுத்தது இல்ல."

அவர் படிவத்தை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "அப்ப எல்லாமே என் மனசுதானா? ரெண்டு வருஷமா அவளைக் கொலைகாரி மாதிரி பாத்தேனே. பொண்ணு கையில இருந்த தட்டைப் புடுங்கினேனே" என்று அழுதார். நோயறிவு என்று ஒன்றைச் சொல்வோம். தனக்கு இருப்பது நோய் என்று நோயாளி தானே உணர்ந்துகொள்வது. சந்தேக நோயில் அது லேசில் வராது. பல பேருக்கு ஆயுள் முழுக்க வராது. என் கண்ணெதிரே பத்தே நிமிடத்தில் அது வந்தது. உடனே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டேன்.

தட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும் என்று சொன்ன மனிதர் அந்தக் காகிதத்துக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. டாக்டரின் மேஜைக்கு அடியில் யாரும் குனிவதில்லை.

இரண்டாம் சனிக்கிழமை. மேஜையில் உட்கார்ந்ததும் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிடு. என் புத்தி கெட்டுப் போயிருந்துச்சு" என்றார். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கையை விடுவித்துக்கொண்டு கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார். "சூப் ஆறுது. சாப்பிடுங்க" என்றார். அவர் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மூத்த சிஸ்டரைப் பெண்கள் வார்டுக்கு மாற்றினேன். பரிசோதனை முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று வந்ததாகச் சொன்னேன். தராசுக்காரருக்கு மறுபடியும் பாத எரிச்சல் வந்தது. மாத்திரையின் பக்கவிளைவு என்று சொல்லி இன்னொரு மாத்திரை சேர்த்தேன். "நீங்க சொன்னா சரி டாக்டர்" என்றார். ஐந்து வாரத்துக்கு முன் என் எதிரில் நோட்டை விரித்து என்னோடு மல்லுக்கு நின்ற அதே மனிதர். மூன்றாம் சனிக்கிழமையும் கிண்ணம் காலி. திங்கட்கிழமை டிஸ்சார்ஜ்.

வாசல் வரை நானே போய் வழியனுப்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "பொண்ணு வந்தா இனிமே அவ தட்டைத் தொட மாட்டேன் டாக்டர்" என்றார். வாக்குக் கொடுப்பது போல நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

மகளும் அந்த மேஜையில்தானே சாப்பிடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்கிறீர்கள். தோன்றியது. அவள் என் நோயாளி இல்லை. அந்த அம்மாள் ஏன் இதைச் செய்தார் என்றும் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அவரும் என் நோயாளி இல்லை. பக்கத்து அறையில்தானே உட்கார வைத்திருக்கிறீர்கள், அவரையே கேளுங்கள்.

பதினோராம் நாள் அந்த அம்மாள் போன் செய்தார். "டாக்டர், அவர் போயிட்டார். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சந்தேகமா பேசல. எல்லாம் உங்க புண்ணியம்" என்றார். இதயம் பலவீனமாக இருந்ததாக என் கேஸ் ஷீட்டிலிருந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் குடும்ப மருத்துவர் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மகள் இரண்டு நாள் கழித்து வந்தாள். அப்பாவைப் போலவே எதையும் விடாத பெண். நோட்டை எடுத்தாள், படித்தாள், மூத்த சிஸ்டரைத் தேடிக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனாள், பரிசோதனைக்கூடத்தில் நகல் வாங்கினாள். அந்தக் கூடத்தில் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பற்றி நினைக்கவில்லை. தான் செய்வது சரி என்று முழுக்க நம்புகிறவர்கள் தடயத்தைப் பற்றி நினைப்பதில்லை.

இதுதான் நடந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு நோய். அதற்கு நான் வைத்தியம் பார்த்தேன். அவர் எதனால் இறந்தார் என்பது வேறு விஷயம், அதற்குப் பொறுப்பானவர் வேறு ஆள். அந்த வெள்ளிக்கிழமை நான் கண்டது ஒரு எண், அவ்வளவுதான். அதை நான் நம்பவே இல்லை என்றுகூட என்னால் மனசாட்சியோடு சொல்ல முடியும்.

எதைப் புரட்டுகிறீர்கள்? ஓ, பதிவேடு. ஆமாம், என் கையெழுத்துதான். மூன்று சனிக்கிழமைக்கும் 'மருத்துவர் ருசி பார்த்தார்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

இது அவருடைய நோட்டு. இந்தக் கடைசிப் பக்கங்களை நான் பார்த்ததில்லை. நான்தான் எழுதச் சொன்னேன். சந்தேகம் வரும்போதெல்லாம் அதை எழுதுங்கள், பக்கத்திலேயே 'இது என் நோய்' என்று எழுதிவிட்டு மேலே நடங்கள் என்று பயிற்சி கொடுத்திருந்தேன். சத்தமாகப் படிக்க வேண்டுமா? படிக்கிறேன்.

'இரண்டாம் சனிக்கிழமை. அவள் முதல் கரண்டியை நீட்டினாள். டாக்டர் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். அரை மணி நேரம் முன்னால்தான் அவர் கேன்டீனில் கேக் சாப்பிட்டார், பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. இது என் நோய். சாப்பிட்டேன். கிண்ணம் காலி. 240 கிராம்.'

மூன்றாம் சனிக்கிழமைக்கு ஒரே வரி. 'அவள் டாக்டருக்குக் கரண்டியை நீட்டவே இல்லை. இதுவும் என் நோய். 240 கிராம்.'

ஆமாம். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நான் குடிக்கவில்லை. நீங்கள் விசாரித்தால் எப்படியும் தெரிந்துவிடும், நானே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த கையோடு வேறொரு பரிசோதனைக்கூடத்துக்குப் போய், வேறொரு பெயரில், அவசரக் கட்டணம் கட்டி, என் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். முதல் சனிக்கிழமை ஒரு கரண்டி குடித்திருந்தேனே. நல்லவேளை, பயப்படும்படி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து, அந்தப் படிவத்தில் சின்ன எண்ணை எழுதினேன். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் இரண்டு சனிக்கிழமையும் அவரைச் சாப்பிட வைத்தேன். தெரிந்தேதான் வீட்டுக்கும் அனுப்பினேன். அந்தச் சொல்லை நீங்கள் இப்போது போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இந்தப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். சந்தேகம் வருகிறது, அதை நோய் என்று தானே அடையாளம் கண்டுகொள்கிறார், தள்ளிவிட்டுச் சாப்பிடுகிறார். இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு முழுமையாகக் குணமான ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. உங்களிடம் நகல் எடுக்கும் வசதி இருந்தால் இதில் எனக்கு ஒரு பிரதி வேண்டும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, மாணவர்கள் காத்திருப்பார்கள்.